நேர்ந்துவிட்ட கிடாக்களின் ரத்தம்

கரட்டுப்பட்டியிலிருந்து எரியோடு சந்தைக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கருப்பசாமி கோயிலையும் டீக்கடையையும் ஒட்டிப் போகும் தார்ச்சாலை. மற்றது, ஓடைக்குள் இறங்கிக் கருவேலங்காட்டைச் சுற்றிப் போகும் வண்டித்தடம். பொன்னழகு இப்போது வண்டித்தடத்தில்தான் போகிறார். ஐப்பசி மழையில் அங்கே கணுக்கால் புதையும் சேறு. அப்போதும் அந்த வழிதான். ஏன் என்று கேட்டால், "நடந்தா ஒடம்புக்கு நல்லதுல்ல சார்" என்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காரணம் தெரியும்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பேர மாத்தாம எழுதுங்க. மாத்துனா அது இன்னொரு பொய்யாப் போகும்" என்று சொன்னார். நான் கால்நடைக் கணக்கெடுப்புப் பிரிவில் வேலைசெய்து ஓய்வு பெற்றவன். ஊர்ப் பெயர்களையும் மந்தை விவரங்களையும் சரிபார்க்க, ஆட்டு நோய் பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தார் என்னைத் தங்கள் திண்டுக்கல் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். அலுவலகத்தில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். ஊரில் நடந்ததைப் பொன்னழகு, அவர் மனைவி மலர்விழி, அதே ஊர்ப் பெண் பானுப்ரியா மூவரிடமும் தனித்தனியே கேட்டுக்கொண்டேன்.

பொன்னழகின் அப்பா ஆடு மேய்த்தவர். மகனுக்கு அந்த வேலை வேண்டாம் என்று வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு மேஸ்திரி, பொன்னழகு பக்கத்தில் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆட்டுப்புழுக்க வாசம் வருதேப்பா" என்பாராம். மற்றவர்கள் சிரிப்பார்களாம். பட்டிக்குள் கால் வைக்காமலே அவர் மில்லுக்குக் கிளம்பப் பழகினார். சட்டையை ஆடுகள் எட்டாத உயரத்தில் கம்பியில் தொங்கவிடுவார். படித்தவர்கள் முன்னால் தன்னை யாரும் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடக் கூடாது என்ற பயம் அந்த மில்லில் ஆரம்பித்தது. மில்லை மூடிய பிறகும் அது போகவில்லை.

பிறகு அவர் கால்நடை மருந்தகம் ஒன்றில் தற்காலிக ஆளாக நின்றார். ஆட்டைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. அங்கிருந்த டாக்டர் ஒருவர் கழுத்து நரம்பில் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். பொன்னழகு கட்டைவிரலால் நரம்பை அழுத்தி, ஆட்டின் காதில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஊசியை ஏற்றுவார். ஆடு அசை போடுவதை நிறுத்தாது. அக்கம்பக்கத்து ஊர்களில் ஆட்டுக்கு ஊசி என்றால் பொன்னழகைக் கூப்பிடு என்ற பேச்சு இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில், வேடசந்தூர்ப் பக்கத்து வெள்ளாடுகளுக்கு ஒரு நோய் வந்தது. கண்ணில் நீர், வாயில் புண், கழிச்சல். பார்த்தால் பழைய ஆட்டுக்கொல்லி நோய் போலத்தான் இருந்தது. ஆனால் அதற்குத் தடுப்பூசி போட்ட ஆடுகளும் விழுந்தன. இது புதிய வைரஸா, பழையது மாறி வந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் மூன்று நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்த திட்டம் இங்கே வந்தது. பெங்களூரில் ஆய்வுக்கூடம், விவரங்களை அலசுவது ஜெர்மனியில் ஓர் அம்மாள், கென்யாவில் இதே வேலையை முன்பே செய்த ஒருவர் வழிகாட்டி. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி செய்திருந்தார்கள். பட்டியிலேயே வைத்து நோய் உண்டா இல்லையா என்று அது சொல்லிவிடும். அது சொல்வது சரிதானா என்று ஆய்வுக்கூட முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஆடுகளின் ரத்தம்.

திட்டத்தில் களப்பொறுப்பு ஜீவிதாவுக்கு. திண்டுக்கல் பெண்தான். கால்நடை மருத்துவம் முடித்து ஆராய்ச்சிக்கு வந்தவர். இது அவருடைய முதல் பெரிய வேலை. பொன்னழகின் கையைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே ஊருக்கு வந்து கூப்பிட்டார். முதல் நாளிலிருந்து 'அண்ணே' என்றுதான் அழைத்தார்.

வெளிநாட்டார் இருவரும் கரட்டுப்பட்டிக்கு வந்த நாள் ஊருக்கு ஒரு வேடிக்கை. ஜெர்மன் அம்மாள் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓர் ஆட்டின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஊரிலேயே பெரிய மந்தை வைத்திருக்கும் கருப்பணன் சும்மா இருப்பாரா?

"ஏப்பா பொன்னழகு, என் ஆட்டுக்குப் பல்லு வெளக்கி விடப் போறாகளா? அப்படியே எனக்கும் செத்த பாக்கச் சொல்லு. கடவாப்பல்லு வலி உசுரு போகுது."

கென்யாக்காரர் ஒரு துள்ளுகிற கிடாயை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஒரு கையால் தாடையை உயர்த்திப் பிடித்தார். கருப்பணன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏலே, இவரு நம்ம ஆளுடா" என்றார்.

அன்றைக்கு அந்தக் கென்யாக்காரர் ஒன்றை வற்புறுத்திச் சொன்னார். ஜீவிதா தமிழில் சொன்னார்: "அண்ணே, கட்டிப்போட்டு வளக்குற ஆடு அந்தந்தப் பட்டியோட நின்னுக்கிரும். எந்தப் பட்டியிலயும் அடங்காம ஊரெல்லாம் மேயுற ஆடு இருந்தா, அதுதான் முக்கியம்ங்கறார். ஒரு மந்தையில இருந்து இன்னொரு மந்தைக்கு அதுதான் கொண்டுபோகும். அப்படி ஆடு இருக்கா?"

"இருக்கு மேடம்" என்று பொன்னழகு முந்திக்கொண்டு சொன்னார். "ரெண்டு கெடா இருக்கு."

"ஏன் கட்டுறதில்ல?" என்று கேட்டார் ஜீவிதா.

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாக்கள் அவை. ஒன்று பானுப்ரியா வீட்டுடையது. அவர் கணவர் லாரி விபத்தில் பிழைத்ததற்கு நேர்ந்தது. இன்னொன்று மேலத்தெருக்காரர் ஒருவருடையது. நேர்ந்துவிட்ட கிடாயைக் கட்டுவதில்லை, அடிப்பதில்லை. யார் வயலில் வாய் வைத்தாலும் விரட்டுவதோடு சரி. அதன் உடம்பில் கீறல் படக் கூடாது. ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் சாமி ஏற்காது. மறுபடி வேறு கிடா நேர்ந்து, அது வளரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் இது தெரியும்.

வேடிக்கை பார்த்தவர்கள் அதற்குள் கலைந்திருந்தார்கள். ஜெர்மன் அம்மாள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காகப் பார்த்தார். பொன்னழகு சொன்னார்: "ஓனரு வெளியூரு மேடம். அதான் சும்மா மேயுது."

அந்தப் பதில் வாயில் எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டேன். "சாமிக்கு நேந்ததுன்னு சொன்னா, இம்புட்டுப் பெரிய மெஷினு கொண்டாந்த ஆளுக என்ன நினைப்பாக? இவன் இன்னும் கருப்பு, கெடாவெட்டுன்னு திரியிற பயதான்னு நினைப்பாகல்ல. அந்த மேஸ்திரி மூக்கப் பொத்துனது அப்படியே கண்ணுக்கு வந்துருச்சு சார்" என்றார்.

ரத்தம் எடுக்கும் நாளில், ஜீவிதாவும் மற்றவர்களும் கீழத்தெருப் பட்டிகளுக்குப் போனார்கள். சுற்றித் திரியும் இரண்டு கிடாக்களையும் பழகிய ஆள் என்பதால் பொன்னழகிடமே விட்டார்கள். அவர் குழாய்களோடு கோயிலடிக்குப் போனார். பானுப்ரியாவின் கிடா வேப்பமரத்துக்கு அடியில் படுத்திருந்தது. குடத்தோடு வந்த பானுப்ரியா அவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அதுல கைய வச்சிராதீக."

"எனக்குத் தெரியாதா தங்கச்சி? சும்மா பாக்க வந்தேன்."

"பாக்குறதுக்கு ஊசி எதுக்கு?"

பொன்னழகு வீட்டுக்கு நடந்தார். பின்கட்டில் அவருடைய வெள்ளச்சி நின்றது. நல்ல பால் கொடுக்கும் பெட்டை ஆடு. காலையில்தான் அதன் ரத்தத்தை அதன் பெயரிலேயே எடுத்து வைத்திருந்தார். இப்போது இன்னும் இரண்டு குழாய்களில் அதன் ரத்தத்தையே நிரப்பி, அவற்றின் மேல் 'சுற்றும் கிடா' என்று எழுதினார். அந்தக் கிடாக்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன, அவற்றுக்கு ஏது நோய், ஆட்டு ரத்தம் எல்லாம் ஒன்றுதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாராம்.

மலர்விழி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, காலையில ஒருக்க எடுத்தீக, இப்ப ரெண்டு. அது ஆடா, ஆழ்துளைக் கெணறா?"

"மெஷினுக்கு வேணுமாம். நீ அடுப்புல இருக்குற வெஞ்சனத்தப் பாரு."

குழாய்கள் ஐஸ் பெட்டியில் ஏறின. பொன்னழகு கொடுத்த வரிசையில் ஜீவிதா அடுக்கி, பெங்களூருக்கு அவரே கொண்டு போனார்.

புரட்டாசியில் ஒரு மதியம், திண்டுக்கல் அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். திட்டத் தலைவர், ஜீவிதா, களப்பணியாளர்கள், நான். பொன்னழகு கடைசி நாற்காலியில் டீக்கோப்பையோடு இருந்தார். சுவரில் தொங்கிய திரையில் ஜெர்மன் அம்மாளும் கென்யாக்காரரும் தெரிந்தார்கள். ரத்தத்தில் வைரஸைத் தேடும்போது ஆட்டின் மரபணுவும் சேர்ந்தே படிக்கக் கிடைக்குமாம். ஜெர்மன் அம்மாள் அதைப் பார்த்திருக்கிறார். கரட்டுப்பட்டியில் சுற்றும் கிடாக்கள் இரண்டும் பெட்டைகள் என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். "தமிழ்நாட்டு வெயில்ல என்ன வேணாலும் நடக்கும்" என்றார் திட்டத் தலைவர். ஜெர்மன் அம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு மட்டும் அல்ல, அதே ஊரின் இன்னொரு குழாயும் சேர்த்து, மூன்றிலும் இருப்பது ஒரே ஆட்டின் ரத்தம் என்றார்.

அதோடு சிரிப்பு நின்றது. ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைப் பிரித்து ஊற்றும்போது குழாய்கள் மாறியிருக்க வேண்டும் என்றார் தலைவர். மூன்று மாறியிருந்தால் மற்றவை மாறவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? கரட்டுப்பட்டி மாதிரிகள் எல்லாவற்றையும் தள்ள வேண்டும். கருவி சரியா தவறா என்று சொல்ல இனி புதிதாகத் தொடங்க வேண்டும். பட்டியிலிருந்து ஆய்வுக்கூடம்வரை குழாய்களைக் கையாண்டது ஜீவிதா.

"நான் மாத்தல சார். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ பாத்துத்தான் வச்சேன்."

"நீ மாத்தலன்னா ஆடு மாத்துச்சாம்மா?" தலைவர் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலையில மறுபடி பேசுவோம். அதுவரைக்கும் நீ மாதிரி எதையும் தொட வேண்டாம். உன் இடத்துக்கு வேற ஆள் போடணுமான்னு அவங்களோடயும் கலந்துக்கறேன்."

பொன்னழகு டீக்கோப்பையைத் தரையில் வைத்தார். எழுந்திருப்பதுபோல் ஓர் அசைவு. நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து நடந்ததைத்தான் அவர் சொல்லத் தயங்கினார். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் எரியோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். ஜீவிதா தேடிக்கொண்டு வந்தார். வரும் வழியில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வாங்கியிருந்தார். ஆயக்குடிப் பழம், உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது. ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்கண்ணே. மத்தியானம் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

அவர் வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க கொடுத்த வரிசையிலதான நான் அடுக்குனேன்? எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்க பக்கத்துல நின்னீங்க, பாத்தீங்கல்ல?"

"ஆமா மேடம்."

"கெடா ரெண்டும் நீங்கதான எடுத்தீங்க?"

"ஆமா மேடம்."

"அப்ப என் கையிலதான் தப்பு" என்றார் ஜீவிதா. அழவில்லை என்று பொன்னழகு சொன்னார். அவர் கண்ணெதிரிலேயே ஜீவிதா அதை நம்பிவிட்டாராம். தன் கையைவிடப் பொன்னழகின் வார்த்தையை நம்பிவிட்டார். பஸ் வந்தது. "பாத்துப் போங்கண்ணே" என்று ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொய்யாவைப் பொன்னழகு தின்னவில்லை. வீட்டில் மலர்விழி சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்தது. மிளகாய்த்தூள் சட்டையெல்லாம் சிவப்பாக ஊறியிருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மலர்விழி சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கினாராம். பிறகு கேட்டார்: "அந்தப் புள்ள குடுத்த பழத்த வாங்கிக்கிட்டு வந்தீகளா?"

"வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

"வெள்ளக்காரிக்கு முன்னாடி சாமி பேரச் சொல்லக் கூச்சம். இந்தப் புள்ள வேல போகுறதப் பாத்துக்கிட்டு நிக்க மட்டும் கூச்சம் இல்லையாக்கும்."

மறுநாள் காலை, அலுவலகக் கதவு திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். நான் போனபோது துவைத்த சட்டையில் சிவப்புக் கறை போகாமல் இருந்தது. திரையில் வெளிநாட்டார் வந்து உட்கார்ந்ததும், தலைவர் தொடங்கும் முன் பொன்னழகு எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம் மேல தப்பில்ல. நான்தான். மூணும் எங்க வீட்டு ஆட்டு ரத்தம். அந்தக் கெடாக கருப்பசாமிக்கு நேந்து விட்டது. ஊசி குத்தக் கூடாது. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஓனரு வெளியூருன்னு பொய் சொல்லிட்டேன். பெறகு ரத்தத்துலயும் பொய் பண்ணிட்டேன்."

ஜீவிதா இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாரும் முன்வரவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. கென்யாக்காரர் முன்னால் குனிந்து, தங்கள் வீட்டிலும் அப்பா காலத்தில் ஒரு காளை இருந்தது, அதன் மேல் யாரையும் கத்தியோ ஊசியோ வைக்க விடமாட்டார்கள் என்றார். தன் கண்ணோரத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். ஜீவிதா தமிழில் சொன்னார்: "ரத்தம் வேண்டாங்கறார். கண்ணோரத்துல இருக்குற ஈரத்த ஒரு பஞ்சுல தொட்டு எடுத்தாப் போதும். அதுலயும் தெரியும். ஊசியே வேண்டாம். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருக்கலாங்கறார்."

பொன்னழகு தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தபோது ஜீவிதா இடைமறித்தார். அது மொழிபெயர்ப்பு இல்லை.

"நேத்து பஸ் ஸ்டாண்டுல கேட்டேனே."

அவ்வளவுதான். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அந்த அறையில் நான் கேட்ட கடுமையான வார்த்தை அதுதான்.

ஜீவிதாவின் பொறுப்பு அவரிடமே இருந்தது. மூன்று குழாய்களில் இரண்டை மட்டும் தள்ளினார்கள். மற்ற மாதிரிகள் நின்றன. அந்த வாரமே அவர்கள் கரட்டுப்பட்டிக்கு வந்தார்கள். பானுப்ரியா கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, ஜீவிதா பஞ்சுக் குச்சியால் அதன் கண்ணோரத்தைத் தொட்டு எடுத்தார். கிடா தும்மிவிட்டுப் போய்விட்டது. மேலத்தெருக் கிடாயிடம் முன்பே எடுத்திருந்தார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றார் பானுப்ரியா. பொன்னழகு பக்கம் திரும்பினார். "சாமிக்கு நேந்ததுன்னு சொல்ல ஒங்களுக்கு என்னண்ணே கூச்சம்? எங்க வீட்டு ஆளு பொழச்சு வந்ததுக்கு நேந்தது அது. என்கிட்ட விட்டிருந்தா நானே அந்த அம்மாட்டச் சொல்லியிருப்பேன். தமிழ்லயே சொல்லியிருப்பேன்."

டிபன் பாக்ஸ் கருவி அங்கேயே முடிவைக் காட்டியது. பிறகு பெங்களூரும் அதையே சொன்னது. இரண்டில், வெளியே ஒரு குறையும் தெரியாத பானுப்ரியாவின் கிடாயிடம் நோய் இருந்தது. அதற்குள் அது இரவு தங்கும் இடங்களில் ஒன்றான கருப்பணனின் மந்தையில் ஆடுகள் விழ ஆரம்பித்திருந்தன. ஆவணியிலேயே கிடாயைப் பரிசோதித்திருந்தால் அந்த மந்தையை ஒதுக்கி வைத்திருக்கலாமா என்று ஜீவிதாவிடம் கேட்டேன். முன்பே தொற்றியிருக்கவும் கூடும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதனால் நானும் உறுதியாக எழுதவில்லை. ஆனால் கருப்பணனுக்குச் சந்தேகம் இல்லை. செத்த ஆடுகளைப் புதைத்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர், பொன்னழகைப் பார்த்ததும், எப்போதும் கேலி பேசுகிற மனிதர், பெஞ்சிலிருந்து எழுந்து இடத்தை விட்டுவிட்டு வெளியே போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்துதான் வண்டித்தடம்.

திட்டத்திலிருந்து பொன்னழகை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்து வீட்டில் இருந்துகொண்டார். தை மாதம் ஜீவிதாவே போன் செய்தார். ஆயக்குடிப் பக்கம் புதிய ஊர்களில் மாதிரி எடுக்க வேண்டும், கை பழகிய ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். போனார். நானும் ஒரு நாள் கூடப் போயிருந்தேன்.

கொய்யாத்தோப்பு ஓரமாக ஒரு பட்டி. ஊசியைக் கையில் எடுக்கும் முன் பொன்னழகு ஆட்டுக்காரரிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்: "ஏனுங்க, இதுல நேந்து விட்டது ஏதும் இருக்குங்களா? இருந்தா சொல்லுங்க. அதுக்கு ஊசி இல்ல, பஞ்சுதான்."

"கடைசியில நிக்குதுங்க பாருங்க, அந்தக் கெடா பழனி முருகனுக்குங்க."

ஜீவிதா அதைக் குறித்துக்கொண்டார். "சரி சார், மொதல்ல அதுல ஆரம்பிங்க."

அவர் 'சார்' என்றார். காலையிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதையாக, வேலைக்கு வேண்டிய அளவு பேசினார். மதியம் தோப்புக்காரர் ஒரு கூடை கொய்யா கொண்டுவந்து வைத்தார். ஜீவிதா எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பொன்னழகுக்கு முன்னால் கூடையையே நகர்த்தி வைத்தார்.

"எடுத்துக்கங்க சார்."

பொன்னழகு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் தின்று முடித்துக் கை கழுவப் போனபோதும் அது அவர் கையில்தான் இருந்தது. ஜீவிதா ஐஸ் பெட்டியைத் திறந்து, மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் மேலிருந்த பெயரை உரக்கப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் பொன்னழகு அந்தந்த ஆட்டுக்கு முன்னால் போய் நின்று, "இதுதான் மேடம்" என்று காட்டினார்.